சிரிக்காத சம்பந்தி

வருங்காலச் சம்பந்தி சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எதிரே தொலைக்காட்சியில் நான்கு இளைஞர்கள் பாடிக்கொண்டே ஒரு கட்டிலைத் தூக்கி வந்து மாடிப்படியில் இறங்க, கடைசி ஆள் மட்டும் கழுத்தில் தொங்கிய டமாரத்தோடு உருண்டு விழுந்தான். டிவிக்குள்ளிருந்து ஜனங்கள் கொல்லென்று சிரிக்கும் சத்தம் கேட்டது.

உருண்டு விழுந்தவர்தான் இந்த வீட்டுக்காரர். 'தாளம் தப்பிய வீடு' என்ற பாட்டும் கூத்துமான அந்தத் தொடர் ஒருகாலத்தில் வாராவாரம் வந்தது. அதில் நடித்ததிலிருந்து அவருக்கு டமாரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது தொடர் முழுவதும் டிவிடியாகப் பெட்டி போட்டு வந்திருந்தது. அன்று முதல் இந்த வீட்டுக்கு யார் வந்தாலும், குழாய் ரிப்பேர் பண்ண வந்த பிளம்பர் உட்பட, ஒரு பாகமாவது பார்க்காமல் தப்பிப் போனதில்லை.

இன்று மாட்டியவர், மகள் விரும்பிய பையனின் அப்பா. பையனுக்கு வெளியூரில் வேலை. கல்யாணத்தைப் பேசி முடிக்க இவர் தனியாக வந்திருந்தார். பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் இரண்டாவது பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டீங்களா?" டமாரத்தின் குரலில் கடுப்பு.

"இல்லைங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்." சம்பந்தி கண்ணைத் திறந்தார். "நானும் அந்தக் காலத்துல..."

"இருங்க, இருங்க! இப்போ நாங்க குடியிருக்கற வீட்டு ஓனரம்மா தலையில மாவு கொட்டும் பாருங்க."

மாவு கொட்டியது. ஜனங்கள் சிரித்தார்கள். சம்பந்தியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

டமாரம் ரிமோட்டை எடுத்தார். காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடியும் மாவைக் கொட்ட வைத்தார். சம்பந்தி மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இந்தச் சிரிப்பு சும்மா வந்ததுன்னு நெனைச்சீங்களா?" டமாரத்துக்குப் பொறுக்கவில்லை. "நாங்க நடிச்சு முடிச்சதும், தயாரிப்பாளர் ஒரு ஹால்ல ஜனங்களைக் கூட்டி வெச்சுப் போட்டுக் காட்டுவாரு. அவங்க விழுந்து விழுந்து சிரிக்கறதை அப்படியே பதிவு பண்ணிச் சேர்த்துடுவாங்க. எங்களைக்கூட உள்ள விட மாட்டாரு. 'உங்களை நேர்ல பார்த்தா ஜனங்க சிரிச்சே மூச்சு முட்டிப் போயிடுவாங்கப்பா'ம்பாரு."

"அப்படியா சொன்னாரு?" சம்பந்தி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேற எப்படிச் சொல்வாரு?" டமாரம் விசுக்கென்று எழுந்து சமையலறைக்குள் போனார்.

அங்கே மனைவி காபி கலந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த சம்பந்தம் வேண்டாம். நான் தலைகுப்புற விழறேன், அந்த மனுஷன் எக்ஸ்ரே பார்க்கற டாக்டர் மாதிரி முகத்தை வெச்சிருக்காரு. ரசனை இல்லாத குடும்பத்துக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

"நான்கூடத்தான் இதுவரைக்கும் சிரிச்சதில்ல. நம்ம குடும்பம் நடக்கலையா?" என்றாள் மனைவி, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

"அதுக்குத்தான் சொல்றேன். எனக்கு வந்த கதி அவளுக்கு வரக்கூடாது!"

மூன்றாவது டிவிடியைத் தேடிக்கொண்டு அவர் படுக்கையறைக்குப் போனார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"மாமா, அப்பா வேண்டாங்கறாரு. நீங்க சிரிச்சாத்தான் கல்யாணம். ஒரே ஒரு பாகத்துக்கு, பொய்யாவாவது சிரிங்களேன். ப்ளீஸ் மாமா."

சம்பந்தி அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு காபியை வாங்கி ஒரு மடக்கில் குடித்தார்.

"இவ்வளவுதானா? அப்பாவைப் போடச் சொல்லும்மா."

மூன்றாவது பாகம் தொடங்கியது. திரையில் டமாரம் கதவில் தலையை இடித்துக்கொள்ளப் போகும் நேரம், சம்பந்தியின் ஆள்காட்டி விரல் சோபாவின் கைப்பிடியை மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த நொடி அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன் பின்னால்தான் டிவியில் ஜனங்கள் சிரித்தார்கள்.

அப்புறம் ஒரு இடம் தவறவில்லை. சின்ன வேடிக்கைக்குக் களுக்கென்று ஒன்று, பெரிய வேடிக்கைக்கு ஓஹோவென்று ஒன்று. நாலு பேரும் பாட்டோடு குளத்தில் விழுந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், ஜனங்கள் நிறுத்திய அதே இடத்தில் வெட்டியது போல் நிறுத்தினார்.

டமாரம் புல்லரித்துப் போய்விட்டார். "ஏய், இங்க வந்து பாரு! ஜனங்களுக்கு முந்தி இவருக்குப் புரிஞ்சிடுதுடி! என்ன ஒரு ரசனை! சம்பந்தின்னா இவர்தான் சம்பந்தி!"

பாகம் முடிவதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. மண்டபத்தில் பெரிய திரை கட்டி எல்லாப் பாகங்களையும் ஓட்டுவதென்று டமாரம் அப்போதே தீர்மானித்தார். சம்பந்தி அதற்கும் தலையாட்டினார்.

வழியனுப்ப மகள் வாசல் கேட் வரை வந்தாள். உள்ளே நாலாவது பாகம் ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாக ஜனங்களின் சிரிப்பு தெருவரை கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. எங்க யாருக்குமே அதைப் பார்த்தா சிரிப்பு வராது. உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

சம்பந்தி ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அப்பவே அந்த ஹால்ல யாருக்கும் வரலம்மா. வேற எங்கேயோ பதிவு பண்ணின சிரிப்பைக் கொண்டாந்து ஒட்டறதுக்குத்தான் என்னை வேலைக்கு வெச்சாங்க."