பாய் பார்த்த வேலை

“கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டுத்தான் சர்வீஸுக்கு வர்றீங்களா பாய்?”

சந்திரலேகா கேட்ட கேள்விக்கு நஸ்ருதீன் நிமிரவில்லை. ஸ்டுடியோவின் ஏ.சி. அறையில், இரும்பு ரேக்கின் முன்னால் மண்டியிட்டபடியே இருந்தார்.

“ரெண்டு டிஸ்க் செத்துப்போச்சுக்கா. காலையிலேர்ந்து என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். உள்ள இருக்கற எதையும் எடுக்க முடியல.”

“நாலு டிஸ்க் பெட்டி, ஒண்ணு போனாலும் மத்த மூணு தாங்கும்னு சொல்லித்தானே வாங்க வெச்சீங்க?”

“ஒண்ணு போனா தாங்கும்க்கா. ஆனா உடனே அதை மாத்திடணும். மாத்தாம விட்டு ரெண்டாவதும் போயிடுச்சுன்னா எல்லாம் போச்சு. இதுல ஒண்ணு செத்துப் பன்னண்டு நாள் ஆவுது.”

தில்லைநாதன் ஸ்டூலில் உட்கார்ந்து மனைவியையும் பாயையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவர்கள் வீடியோ எடுத்த ஒன்பது வருஷத்துக் கல்யாணங்கள். கம்மாபுரத்துக் கனிமொழியின் கல்யாணம் இன்னும் எடிட்கூடச் செய்யவில்லை. பெண்ணின் அப்பா விடிந்ததிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்.

“ஒண்ணு செத்தா பச்சை விளக்கு சிவப்பாயிடும்னு சொல்லுவீங்களே பாய். பன்னண்டு நாளா யாரும் பாக்கலையா?” என்றார் தில்லைநாதன்.

நஸ்ருதீன் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் சந்திரலேகாவைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், தில்லைநாதன் பக்கம் திரும்பினார்.

“நான் நேர்ல வந்து பாத்திருக்கணும்ணே. என் தப்புதான்.”

“கேட்டுக்குங்க, அவரே ஒத்துக்கிட்டாரு!” சந்திரலேகா கணவனிடம் கையை நீட்டினாள். “மாசம் ஒரு தடவை வந்து கதவைத் திறந்து மூடிட்டு, டீயைக் குடிச்சிட்டுப் போறது. இதுக்குப் பேரு மெயின்டனன்ஸ்!”

நஸ்ருதீன் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

“அக்கா, ஒரே ஒரு உதவி. இந்த ஊர்ல எட்டு ஸ்டுடியோ பெட்டிய நான்தான் பாத்துக்கறேன். உங்க குரூப்ல மட்டும் இதைப் போட்டுடாதீங்க. பேரு கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு கெடையாது.”

“உங்க பேரு கெடக்கூடாது, எங்க பேரு நாறலாம். அப்படித்தானே?”

அவருடைய பைக் கீழவீதியைத் தாண்டியிருக்காது. புருஷனின் போனை எடுத்து ஸ்டுடியோக்காரர்கள் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டாள். முழுசாக இரண்டு நிமிஷம்.

“எத்தனை வருஷமா வர்ற மனுஷன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் லேகா.”

“நீங்க பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த லட்சணத்துல நிக்கறோம்.”

தை மாசக் கல்யாணங்கள் ஆரம்பிக்கும் முன்பு புதுப் பெட்டி வந்தது. மாட்டுவதற்குக் கடலூரிலிருந்து ராஜவேல் என்பவர் வந்தார். தில்லைநாதன் வெளியே ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்ததால், சந்திரலேகாதான் அறையைத் திறந்துவிட்டாள்.

ராஜவேல் ரேக்கின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இதை முன்னாடி நஸ்ருதீன் பாய் பாத்துக்கிட்டிருந்தாராம்மா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“ஒயரைப் பாத்தாலே தெரியுதே. கோடு போட்ட மாதிரி கட்டியிருக்காரு. இப்ப மஸ்கட் போயிட்டாரு, பாவம். இங்க ஒரு ஸ்டுடியோவும் அவரைக் கூப்புடலையாம். அம்பத்திரண்டு வயசுல, ஏதோ குடோன்ல அட்டைப்பெட்டி தூக்கறாரு.”

சந்திரலேகாவுக்கு என்னவோ போல் இருந்தது.

“தப்பு பண்ணா அனுபவிக்கத்தானே வேணும்,” என்றாள். சொன்னது அவள் காதுக்கே நன்றாக இல்லை.

ராஜவேல் பழைய பெட்டியின் முகப்பை நகத்தால் சுரண்டினார்.

“ஆயுத பூஜைக்கு வெச்சதாம்மா இது? நாலு விளக்கு மேலயும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வேற ஜாஸ்தியா வெச்சிருக்கீங்க. காஞ்சு கல்லாட்டம் இருக்கு. உள்ள சிவப்பு எரிஞ்சா வெளிய எப்படித் தெரியும்?”

வைத்தது சந்திரலேகாதான். விளக்குக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் வைத்திருந்தாள்.

“அதையெல்லாம் அவருல்ல கவனிச்சிருக்கணும்?”

ராஜவேல், ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து சர்வீஸ் கார்டை உருவிப் படித்தார்.

“கவனிச்சிருக்காரும்மா,” என்று அவளிடம் நீட்டினார்.

நஸ்ருதீனின் குண்டுக் கையெழுத்து.

‘3-10, வெள்ளி. நாலு டிஸ்க்கும் சரி. விளக்குகள் மேல் பூஜைப் பொட்டு. துடைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பொட்டை அழிக்கக் கூடாது, நாளை துடைக்கிறேன் என்று அக்கா சொன்னார். நான் தொடவில்லை.’

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, நீங்க வந்து பொட்ட அழிக்கச் சொல்றீங்களா பாய்?” என்று அன்றைக்குக் கேட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீட்டிய கையை அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டதும்.

கடவுளே, சுத்தமாக மறந்துபோனேனே. மறதிதானே, வேண்டுமென்றா செய்தேன்?

மனதுக்குள் சொல்லிக்கொண்டே கார்டைத் திருப்பித் தரப் போனவளின் கண்ணில் கீழே வேறு மையில், பிற்பாடு சேர்த்து எழுதியிருந்த ஒற்றை வரி பட்டது.

‘4-10, சனி. போன் செய்து கேட்டேன். துடைத்துவிட்டேன் என்றார்.’