அளவு சொன்ன விரால்

பசியில் வயிறு ஒட்டிப்போய்ப் பாசிக்குள் பதுங்கியிருந்தது விரால். எதிரே ஒரு மீன் உடம்பை ஆட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் பொம்மை. வயிற்றுக்கடியில் தூண்டில் முள்.

“என்னைச் சாப்பிடுங்க அக்கா,” என்று குழைந்தது பொம்மை.

“யாரை ஏமாத்தப் பாக்குறே? இந்தக் குளத்துல உன்னாட்டம் உள்ளங்கை அகலத்துக்குக் கெண்டை ஏதுடா?”

“வாயை மூடு விராலு,” என்று முணுமுணுத்தது பக்கத்தில் இருந்த நண்டு. “அவன்கிட்ட உனக்கென்ன பேச்சு?”

“அப்போ இங்க எந்த அளவுல இருக்கும் அக்கா?” என்று பொம்மை பணிவாகக் கேட்டது.

கேட்டுவிட்டானே, விராலால் சும்மா இருக்க முடியுமா? “எல்லாம் இந்த மழைக்குப் பொறந்த குஞ்சுங்க. கட்டைவிரல் நீளம் இருந்தாலே அதிகம். இதுகூடத் தெரியாம வந்துட்டான் பாரு.”

நூல் சுண்டியது. பொம்மை மேலே போயிற்று. நண்டு வளைக்குள் ஓடி ஒளிந்தது. விரால் மட்டும் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கலங்கல் நீருக்குள் ஏதோ துடித்தது. விரால் செவுளைக்கூட அசைக்காமல் உற்றுப் பார்த்தது. கட்டைவிரல் நீளம், இம்மியும் கூடுதல் இல்லை. நம்ம குளத்துக் குஞ்சேதான் என்று பாய்ந்து கவ்வியது.

தாடையில் முள் இறங்கியது. வாய்க்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் குழைந்தது: “அண்ணன் சொல்லித்தான் வந்தேன். அளவு சரியா இருக்கா, அக்கா?”