சாப்பிட்டுவிட்டு வந்த சம்பந்தி

மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சம்பந்தி மாசிலாமணி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சிவக்கொழுந்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்க சம்பந்தி! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"ஐயோ, வேண்டாங்க. இப்பதான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

"காலையிலிருந்து பட்டினி," என்றது மாசிலாமணியின் கைக்கடிகாரம்.

"பார்த்தீங்களா! சமையல் தயாரா இருக்கு, உக்காருங்க."

"நேற்றைய ரசம் ஒரு கரண்டி. வேறொன்றும் இல்லை," என்றது ஃபிரிட்ஜ்.

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "உங்களைப் பார்த்ததே வயிறு நிறைஞ்ச மாதிரிங்க."

"நிறையவில்லை," என்றது கடிகாரம்.

அதற்குப் பிறகு இருவரும் வாயைத் திறக்கவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி சிவக்கொழுந்தின் நாக்கு நுனிவரை வந்தது. "ரொம்ப நல்லா இருக்கா" என்று சம்பந்தி சொல்வார். கடிகாரம் என்ன சொல்லுமோ? கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சம்பந்தி எழுந்து போனார். அவர் பின்னால் சாத்திக்கொண்ட வாசல் கதவு உற்சாகமாக அறிவித்தது:

"வாழ்த்துகள்! கடந்த பத்து நிமிடமாக இந்த வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்லப்படவில்லை."