ஏழு சென்டிமீட்டர்

புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் போதும் என்றேன்.

புள்ளியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. தசமப் புள்ளிக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பார். அதனால்தான் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

விளையாட்டு அரங்கத்தின் சாதனைப் பட்டியலைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை எங்களுடையது. பழையதைச் செய்த புண்ணியவான், தாண்டிய தூரத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம்தான் விட்டிருந்தான். மீதியை அது தானாகவே பக்கத்து இலக்கத்துக்கு ஏற்றியோ இறக்கியோ முழுசாக்கிவிட்டது.

விளைவு, பெண்கள் நீளம் தாண்டுதலில் 5.9 மீட்டர் என்று இரண்டு பேர் கூட்டாக முதலிடம். பதினாறு வருடமாக அரங்கத்து வாசல் பலகையில் இரண்டு பெயர்களும் உரசிக்கொண்டு நிற்கின்றனவாம்.

அன்றைய நடுவர் கையால் எழுதிய தாள்கள் இப்போது எங்கள் மேசையில். ஒருத்தி 5.94. இன்னொருத்தி 5.87.

இரண்டு இலக்கம் வைத்தால் ஒரு பெயர் காலி. பாவம், யாரோ ஒருத்தி. நமக்கெதற்கு இந்த வம்பு?

அதற்கு முன்பே, எண்ணைத் தோராயமாகச் சேமிக்கிற ஃப்ளோட் வகையை வைக்கலாம் என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். 5.87 கொடுத்தால் உள்ளே 5.8699 என்று வைத்துக்கொள்ளுமாம். கிட்டத்தட்ட என்று பேசுகிற ஆளை அளவெடுக்க அனுப்பக்கூடாதாம்.

“தாண்டினது எவ்வளவோ அதத்தான் எழுதணும். நம்ம இஷ்டத்துக்கு ஒருத்திய முன்னால தள்ளிவிடக் கூடாது,” என்றார் அக்கா.

கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகை. மொத்தம் நான்கு இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பின்னால். அவரே தட்டினார். இரண்டு தூரங்களையும் அவரே ஏற்றினார்.

முதலிடத்தில் ஒரே பெயர் வந்து நின்றது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

அக்கா கைபேசியை எடுத்தார்.

“அண்ணி, ஸ்பீக்கர்ல போடுங்க, அண்ணனும் கேக்கட்டும். நம்ம ரெண்டு பேர்ல ஜெயிச்சது நீங்கதான். ஏழு சென்டிமீட்டர். இனிமே வீட்ல இந்தச் சண்டையே கிடையாது!”

எதிர்முனையில் எழுந்த கூச்சல் என் நாற்காலி வரை கேட்டது. அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் மெதுவாக அந்தத் தாளை என் பக்கம் இழுத்து, 5.87க்கு எதிரே இருந்த பெயரை முதல் முறையாகப் படித்தேன். வருகைப் பதிவேட்டில் தினமும் எனக்கு மேல் வரியில் இருக்கிற பெயர்தான்.