கிரகணம் பார்க்க வந்தவள்

தூரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து நிலா ஏறி வந்தபோது அதன் ஒரு ஓரம் இல்லை.

மொட்டை மாடியில் நின்ற அத்தனை பேரும் 'ஆ' என்றார்கள். கணபதி பகுதியில் எங்கள் சந்துக்கு அது பெரிய கூட்டம்தான். லேத் பட்டறைக்காரர்கள் கிரீஸ் கையோடு வந்திருந்தார்கள்.

எல்லாம் மேல்வீட்டு உதய் செய்த வேலை. மோட்டார் வைண்டிங் கடையில் உத்தியோகம், மற்ற நேரமெல்லாம் வானத்தில் குடித்தனம். மாதம் பிறந்தால் போதும், என்னென்ன தெரியும் என்று சந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவான். இந்த மார்ச்சுக்கு மேற்கே வெள்ளி, உச்சியில் வியாழன், மூன்றாம் தேதி பொழுது சாய்ந்ததும் சந்திர கிரகணம்.

"வெறுங்கண்ணுலயே பாக்கலாமுங்க, ஒண்ணும் ஆகாது" என்று டெலஸ்கோப்பைத் திருகிக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

ஊருக்குத்தான் உபதேசம். அவன் மனைவி கயல்விழி கீழே இருட்டறையில் அடைந்து கிடந்தாள்.

அடைத்தது அவன் அம்மா, பாவாத்தாள் அக்கா. ஏழு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இப்போதுதான் கயலுக்கு ஆறாம் மாதம். கிரகணம் வயிற்றில் பட்டால் பிள்ளைக்குக் குறை வந்துவிடும் என்று அக்காவுக்குப் பயம்.

மில்லில் சொல்லிவிட்டு நாலு மணிக்கே வந்துவிட்டார். ஜன்னல் இடுக்கில் துணி திணித்தார். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றினார். குடத்தில் தர்ப்பை போட்டார். "நகத்தால சொறியக்கூடாது கண்ணு" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, மாடிப்படியின் மேல் படியில் வந்து காவல் இருந்தார். நிலாவுக்கு முதுகைக் காட்டித்தான். இத்தனை வயதுக்கு ஒரு கிரகணத்தையும் கண்ணால் பார்த்ததில்லையாம்.

அம்மாவும் மகனும் ஒரு வாரமாக இதற்கே மல்லுக்கு நின்றார்கள். "அது நிழலுங்கம்மா, வெறும் நிழல்" என்பான் அவன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நான் சிரிக்கவில்லை. என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது.

கயல்விழி. அக்கா சுதாரித்து எழுவதற்குள் அவரைத் தாண்டி வந்து, நிலாவுக்கு நேர் எதிரே நின்றாள். முந்தானையால் வயிற்றை மூடக்கூட இல்லை.

"வந்துட்டா பாருங்க!" உதய் துள்ளிவிட்டான். "எங்க ஊட்டுலயே பயம் போயிருச்சுங்க!"

கூட்டம் கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏன் அம்மணி, கிறுக்குப் புடிச்சுப்போச்சா? உள்ள வா கண்ணு!"

கயல்விழி நகரவில்லை. மாமியாரின் காதருகே குனிந்தாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"இனிப் பாத்தா ஒண்ணும் இல்லீங்க அத்தை. ரெண்டு நாளா அசைவே இல்லைன்னு மத்தியானம் ஆசுபத்திரிக்குப் போனேன். துடிப்பு நின்னுபோச்சுங்களாம். காலைல வந்து படுக்கச் சொல்லிட்டாங்க."

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

நாலு மணியிலிருந்து இவள் அந்த இருட்டில், அத்தை சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எதைக் காப்பாற்ற?

உதய் குழந்தைகளின் உயரத்துக்கு டெலஸ்கோப்பை இறக்கிக்கொண்டிருந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. மனைவி தன் பேச்சை நம்பி வந்துவிட்டாள் என்ற சந்தோஷம்.

அக்காவும் அவனைத்தான் பார்த்தார்.

"இப்பச் சொல்லாத கண்ணு" என்றார் பிறகு. "அவன் காட்டி முடிக்கட்டும்."

"அம்மா, நீங்களும் வாங்க! முடியப்போகுது!" என்று கூப்பிட்டான் உதய்.

வேண்டாம் என்று தலையசைப்பார் என்று நினைத்தேன். அக்கா மருமகளின் கையை விட்டுவிட்டு, முகத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு போனார். மகன் தோளைப் பிடித்துக் குனிய வைத்தான்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது சாமி. நல்லாத் தெரியுது."

மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அக்காவின் முகம் தெரிந்தது. இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தார்.