முதல் பதில்

பாம்புகளை அடையாளம் சொல்லும் அந்த இணையக் குழுவில் முதலில் பதில் எழுதுகிறவருக்கு ஒரு நட்சத்திரம் உண்டு. கேட்டவர் 'நன்றி' பொத்தானை அழுத்தினால் இன்னொன்று. கணவர் நல்லமுத்துவைக் கடித்த பாம்பைப் படமெடுத்துக் குணவதி அங்கே போட்டாள். குழுவிலேயே அதிக நட்சத்திரம் வைத்திருந்த ஜெயசீலன், படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் மறுநொடியே எழுதினான்: "விஷமில்லாத பாம்புங்க. பயப்படாதீங்க." அதை நம்பி அவள் வாசலுக்கு வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். "ஐயோ, கட்டுவிரியன்! உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வேறொருத்தியும் எழுதியிருந்தாள். ஆனால் நட்சத்திரமில்லாதவர்கள் எழுதுவதைக் குழு அடியில் தள்ளி மறைத்துவிடும். குணவதி அதைத் தேடிப் படித்தபோது நல்லமுத்துவுக்கு மூச்சு அடங்கியிருந்தது. காரியம் முடிவதற்குள் ஜெயசீலனிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, நீங்க இன்னும் நன்றி அழுத்தலையே?" அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயில் வந்த வசவுகளையெல்லாம் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், மாலை போட்ட கணவரின் படத்தைக் குழுவில் போட்டு, "இவரைக் கடிச்சது என்ன பாம்புன்னு இப்பச் சொல்லுங்கடா" என்று கேட்டாள். மறுநொடியே முதல் பதில் வந்தது: "ஆழ்ந்த இரங்கல் அக்கா." ஜெயசீலனின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் ஏறியது.