மூக்கம்மாள் ரிமூவ்டு

தென்காசி உமாராணி நடத்தும் இங்கிலீஷ் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கும் மூக்கம்மாள்தான் முதல் பதில். அன்றைக்கும் தப்பு.

'நேற்று அருவியில் குளித்தேன்' என்பதற்கு, 'ஐ ஆம் எஸ்டர்டே ஃபால்ஸ் பாத்திங்' என்று போட்டிருந்தாள்.

உமாராணி கான்வென்ட்டில் படித்தவள். தப்பு இங்கிலீஷ் என்றால் சோற்றில் கல் கடித்த மாதிரி அவளுக்கு. மூளையைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் வைத்துவிட்டா வந்தீர்கள் என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள். அதுவும் அத்தனை பேரும் கேட்கும்படி.

இலவச வகுப்புதான். வடகரை, அச்சன்புதூர் பக்கத்துப் பெண்கள். இங்கிலீஷ் வந்தால் ஒரு வேலை கிடைக்காதா என்று சேர்ந்தவர்கள். அதிலும் சுகந்திக்குத்தான் அவசரம். வெள்ளிக்கிழமை குற்றாலத்து ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ. கிடைத்துவிட்டால், மதினியின் இடிசொல் கேட்டுக்கொண்டு அண்ணன் வீட்டில் கிடக்க வேண்டாம். பிள்ளையோடு தனியாகப் போய்விடலாம்.

இதற்கு நடுவில் இந்த மூக்கம்மாளோடு யார் மாரடிப்பது? ரிமூவ் செய்துவிட்டுத்தான் உமாராணி இட்லி ஊற்றப் போனாள்.

புருஷன் இசக்கிராஜாவிடமும் சொன்னாள். போலீஸ்காரர், சீசனுக்கு மெயினருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் டூட்டி.

"பாவம், திரும்பச் சேத்துக்கோயேன்" என்றார்.

"உங்க ஸ்டேஷன் வேலையில நான் தலையிடுதேனா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் கேள்வி போட்டாள். எல்லாரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மறுநாளும் அப்படியே.

உமாராணிக்குப் பொறுக்கவில்லை. சுகந்தியைப் போனில் பிடித்தாள்.

"ஏட்டி, இன்டர்வியூவ வச்சிக்கிட்டு வாயத் தொறக்காம இருக்கியே, என்ன நெனப்புல இருக்க?"

சுகந்தி மென்று முழுங்கினாள். அதட்டிக் கேட்ட பிறகுதான் வந்தது.

"மூக்கம்மாக்கா முதல்ல தப்பா போட்டு ஏச்சு வாங்கிருவாங்க, மிஸ். அவங்கள ஏசி முடிச்சதும் உங்களுக்குக் கோவம் எறங்கிரும். அப்பம்தான் நாங்க போடுவோம். இப்பம் யாரு முதல்ல போடுததுன்னு எல்லாருக்கும் பயமா இருக்கு."

அந்தப் பெண் போனை வைத்ததும் உமாராணி குரூப்பின் பழைய பதில்களை மேலே தள்ளிப் பார்த்தாள்; தினமும் மூக்கம்மாள்தான் முதலில்.

மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவள் ஜாதகத்திலேயே கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சுகந்தி வாயைத் திறந்தாக வேண்டுமே. மூக்கம்மாளின் நம்பரைத் தேடி எடுத்து முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

கூடத்தில் மணி அடித்தது. டூட்டி முடிந்து வந்து இசக்கிராஜா கழற்றி மாட்டியிருந்த காக்கிச் சட்டைப் பைக்குள்ளிருந்து. உமாராணி அதுவரை பார்த்திராத இன்னொரு போன்.

நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏங்க... நீங்களா மூக்கம்மா?"

"வெள்ளிக்கிழம வரைக்குமாவது என்னைச் சேத்துக்கோட்டி" என்றார் அவர். "உன் ஏச்சு எனக்குப் பழகிட்டு. அந்தப் பிள்ளையளுக்குப் பழகலல்லா."